பள்ளிக்குச் சீர் சுமப்போம்!

காதுகுத்துக்குச் சீர் கொண்டு போகிறோம். மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டு போகிறோம். வளைகாப்புக்கும் புதுமனை புகுவதற்கும் சீர் கொண்டு போகிறோம். எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்க்க ஊரே வாசலுக்கு வந்து நிற்கிறது. கடன்பட்டாகிலும் தட்டுக் குறையாமல் செய்தவனை மானமுள்ளவன் என்று மெச்சுகிறோம். உறவைப் போற்றுவது தமிழன் பண்பு. அதை நாம் குறை கூற வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நம் பிள்ளைகளை ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் மடியில் வைத்து வளர்க்கும் வீடு ஒன்று ஊருக்குள் இருக்கிறதே, அந்த வீட்டுக்கு நாம் என்ன சீர் கொண்டு போனோம்?

அந்த வீட்டின் பெயர் அரசுப் பள்ளி.

சில ஊர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டன. புதுக்கோட்டை, சிவகங்கை முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் ‘கல்விச் சீர்’ என்று ஒரு விழா நடக்கிறது. மேளம் முழங்குகிறது. பெண்கள் தாம்பாளம் ஏந்தி வரிசையாக வருகிறார்கள். ஆண்கள் தலையிலும் தோளிலும் சுமந்து வருகிறார்கள். சுமந்து வருவது பட்டும் பாத்திரமும் அல்ல! பீரோ வருகிறது, நாற்காலி வருகிறது, மின்விசிறி வருகிறது, சுவர்க் கடிகாரம், குடம், பாய், நோட்டுப் புத்தகம், பென்சில், வாளி, துடைப்பம் வரை வருகின்றன. பள்ளி வாசலில் தலைமையாசிரியர் நின்று, சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல் சந்தனம் கொடுத்து வரவேற்கிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு செய்தி இருக்கிறது: “இது எவனோ கட்டிப் போட்ட கட்டடம் அல்ல; எங்கள் ஊர்ப் பள்ளி!”

இந்த உணர்வைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அரசு கட்டடம் கட்டும், சம்பளம் கொடுக்கும், புத்தகம் கொடுக்கும். ‘இது எங்கள் பள்ளி’ என்ற பெருமிதத்தை எந்த அரசாணையாலும் கொடுக்க முடியாது. அதை ஊர்தான் கொடுக்க வேண்டும். ஊர் என்றால் யார்? உழைப்பவன்தான் ஊர். நாம்தான் ஊர்.

வெற்றி யாருடையது?

தேர்வு முடிவு வந்த மறுநாள் கடைத்தெருவைப் பாருங்கள். ஆளுயரப் பலகைகள் முளைத்திருக்கும். மதிப்பெண், படம், பள்ளியின் பெயர், கீழே ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற அழைப்பு! பிள்ளையின் வெற்றி கடைக்கு விளம்பரமாகிவிடுகிறது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் சொல்லி அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. பிள்ளைகளைப் பந்தயக் குதிரைகள் ஆக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அரசு கைவிட்டதைப் பலகைக்காரர் கைவிடவில்லை.

அந்தப் பலகைகளுக்கு நடுவே அரசுப் பள்ளிப் பிள்ளையின் படம் எங்கே? தேடினாலும் கிடைக்காது. படம் இல்லாததால் வெற்றியும் இல்லை என்று எண்ணிவிடுகிறான் நம் தொழிலாளத் தோழன். எண்ணிப் பார்த்துச் சொல்வோம், கணக்கோடு சொல்வோம்!

2025ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் தேர்ச்சி நூற்றுக்கு 95.03. அரசுப் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 91.94. எந்த மாவட்டம் முதலிடம்? சென்னையா? கோவையா? இல்லை, அரியலூர்! தேர்ச்சி 98.82. சரி, தனியார் பள்ளிகளின் தயவால் வந்த பெருமையோ என்று ஐயப்படுகிறவர்களுக்கும் விடை இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் பட்டியலிலும் அதே அரியலூர்தான் முதலிடம், தேர்ச்சி 98.32. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் முந்திரிக் காடும் மானாவாரி நிலமும் உள்ள மாவட்டம் அது. அங்கே அரசுப் பள்ளியில் படிப்பவர் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஆலைத் தொழிலாளியின் பிள்ளை. லாரி ஓட்டுபவரின் பிள்ளை. முந்திரி உடைக்கும் தாயின் பிள்ளை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் பல, வாசலிலேயே பிள்ளையைச் சோதித்து, பெற்றோரின் பையையும் சோதித்து உள்ளே விடுகின்றன. அரசுப் பள்ளி யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. தாயில்லாப் பிள்ளை வரலாம். வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவரின் பிள்ளை வரலாம். வேறு பள்ளி ‘இவன் தேறமாட்டான்’ என்று ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிட்ட பிள்ளையும் வரலாம். பொறுக்கி எடுத்த விதையை வண்டலில் விதைத்து மூட்டை மூட்டையாக அறுப்பது ஒரு திறமை. கிடைத்த விதையையெல்லாம் கரம்பில் விதைத்துத் தண்ணீர் சுமந்து ஊற்றி விளைய வைப்பது வேறு திறமை. இரண்டாவது திறமைக்குத்தான் நம் அரசுப் பள்ளி ஆசிரியர் சொந்தக்காரர்.

அந்தக் கரம்பில் விளைந்தது சொற்பமா? கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த உழவர் மகன் கே. சிவன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008இல் நிலவுக்குப் பறந்த சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர். செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, 2023இல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். நிலவுக்கும் கதிரவனுக்கும் வழிகாட்டியவர்கள் நடந்து போய்ப் படித்த பள்ளிகள் இவை. ‘அரசுப் பள்ளியா?’ என்று மூக்கைச் சுளிப்பவர் ஒருமுறை அண்ணாந்து வானத்தைப் பார்க்கட்டும்!

வந்த வழி

இந்த வெற்றி ஒருநாளில் வந்ததா? வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. நூறாண்டுப் போராட்டத்தின் விளைச்சல் இது.

1920இல் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, சர். பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட முடிவெடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்று உணர்ந்த நெஞ்சங்கள் அவை.

1953இல் என்ன நடந்தது? ஆச்சாரியார் ஆட்சியில் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். சிரைப்பவன் மகன் கத்தி பிடிக்க, வெளுப்பவன் மகன் மூட்டை சுமக்க, உழுபவன் மகன் ஏர் பிடிக்க! குலக்கல்வி என்று பெயரிட்டுத் தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவும் நாட்டைத் தட்டி எழுப்பினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தி.மு. கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்த்தே. சிறை சென்றவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள். தான் படிக்காத பள்ளிக்காகச் சிறைக்குப் போனான் அந்தத் தோழன்! 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசர் நம் கட்சிக்காரர் அல்லர். ஆயினும் மாற்றார் செய்த நல்லதை நல்லது என்று சொல்ல நாணுகிற பரம்பரை நம்முடையது அல்ல. 1956இல் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார் அவர். 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, அரசின் கஜானாவை மட்டும் நம்பாமல் மக்களின் நெஞ்சத்தை நம்பினார். ஊர்மக்கள் மேடையேறி, பெஞ்சு தருகிறேன், கடிகாரம் தருகிறேன், கூரை வேய்ந்து தருகிறேன், சீருடை தைத்துத் தருகிறேன் என்று அறிவித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நாடெங்கும் நடந்தன. இன்றைய கல்விச் சீருக்கு மூலம் எது என்று கேட்போர் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக அது விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தச் சோற்றில் முட்டை சேர்ந்தது. 2011இல் ஜெயலலிதா அம்மையார் ஆட்சியில் மாணவர் கையில் மடிக்கணினி வந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்தநாளில், மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டில், கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியில் அது மாநிலம் முழுதுக்கும் விரிவாயிற்று. ஓரணாச் சோற்றிலிருந்து காலைப் பொங்கல் வரை நூற்றிரண்டு ஆண்டுகள்!

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த நிலத்தில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு இருபது பேர் அளவிலேதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பது பேர். அறுபது ஆண்டில் இருபது எண்பதானது எப்படி? கைநாட்டு வைத்தவன் மகள் கையெழுத்துப் போட்டது எப்படி? ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் சோறு. அவ்வளவுதான் இரகசியம்.

அரியலூர் சொன்ன பாடம்

தேர்ச்சி பெற்றால் போதுமா? மேலே ஏற ஏணி வேண்டாமா? இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் எடுத்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் கனவு. 2017இல் ‘நீட்’ என்னும் தேர்வு குறுக்கே வந்து நின்றது. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடினார். கதவு திறக்கவில்லை. அந்த மகளை நாடு இழந்தது. அன்று தமிழ்நாடு சிந்திய கண்ணீர் இன்னும் காயவில்லை.

கண்ணீரோடு நாடு நின்றுவிடவில்லை. 2020இல், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் சட்டம் வந்தது. சட்டம் கொண்டுவந்தது அ.தி.மு.க. அரசு, நிறைவேறக் குரல் கொடுத்தவர் எல்லாக் கட்சியினரும். ஆளுநர் ஒப்புதல் தரத் தாமதித்தபோது, அரசாணை பிறப்பித்த பிறகே அக்டோபர் இறுதியில் ஒப்புதல் வந்தது. அதற்கு முன்பு விரல் விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளி மாணவர்களே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். அந்த ஒரே ஆண்டில் முந்நூறு பேருக்கு மேல் நுழைந்தனர்! 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இது சலுகையா? சிலர் சலுகை என்கிறார்கள். இலட்சக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு உட்கார்ந்து எழுதுகிறவனும், விடுமுறையில் களையெடுக்கப் போய்விட்டு வந்து எழுதுகிறவளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்று சொல்வதுதான் சலுகை. அதுவும் பணம் படைத்தவனுக்குச் சலுகை. ஒதுக்கீடு என்பது கோட்டை நேராக்குகிற வேலை.

மேடை ஏறும் பிள்ளைகள்

மதிப்பெண் மட்டுமே சாதனை என்று எண்ணுவது கடைக்காரர் கணக்கு. பிள்ளை ஆடினால் சாதனை இல்லையா? பாடினால் இல்லையா? பறை அடித்தால், களிமண்ணில் யானை செய்தால், கூட்டத்துக்கு முன் நடுங்காமல் பேசினால் சாதனை இல்லையா?

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பட்டது. பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டி. மாநில அளவில் வென்றவருக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். கூத்தும் கரகமும் ஒயிலும் பள்ளி மேடைக்கு வந்தன. எந்தக் கலையைச் செய்ததற்காக ஒரு காலத்தில் நம் பாட்டன் சேரிக்கு அப்பால் நிறுத்தப்பட்டானோ, அந்தக் கலையைச் செய்ததற்காகப் பேரன் மேடையில் பரிசு வாங்குகிறான். இது வெறும் விழாவா? வரலாறு திரும்பி நடக்கிற காட்சி அல்லவா!

2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கிற்று. அறிவியல் கருவிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் பள்ளிக்குப் போய்ச் செய்து காட்டும் திட்டம். ஆண்டு விழா என்பது பணக்காரப் பள்ளிக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறி, அரசுப் பள்ளிகள்தோறும் ஆண்டு விழா நடத்த 2024–25ஆம் ஆண்டில் அரசு நிதி ஒதுக்கிற்று. நூறாண்டு கண்ட அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கு மேல் என்றும், அவற்றுக்கு நூற்றாண்டு விழா எடுக்க வேண்டும் என்றும் 2025இல் முடிவாயிற்று. பெண் பிள்ளைகள் கல்லூரி போக மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

சேலையைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய், தன் மகள் மேடையேறிப் பரிசு வாங்கும்போது எழுந்து நிற்கிறாள். எழுந்து நின்றது அவள் மட்டுமா? தலைமுறை தலைமுறையாகக் குனிந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து நிற்கிறது.

காலியாகும் வகுப்பறை

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கசப்பான ஒன்றை மறைத்தால் நாம் தோழர்கள் அல்லோம், துதிபாடிகள் ஆவோம். 2025இல் ஒரு செய்தி வந்தது. ஒரு மாணவர்கூட இல்லாத அரசுப் பள்ளிகள் இருநூறுக்கு மேல்! ஆசிரியர் இருக்கலாம், கட்டடம் இருக்கலாம், மணி இருக்கலாம். மணி அடித்தால் ஓடிவரப் பிள்ளை இல்லை.

ஏன்? பிறப்பு குறைந்தது ஒரு காரணம். வேலை தேடி நகரத்துக்குக் குடும்பத்தோடு போவது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நம் நெஞ்சைச் சுடுவது. ஊரில் இருக்கிற பிள்ளையையும் மஞ்சள் வண்டியில் ஏற்றி, ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

அனுப்புகிற தகப்பனை நாம் ஏசப் போவதில்லை. நெசவாலையில் இரவு வேலை பார்த்து, சீட்டுப் பிடித்து, மனைவியின் தாலிக்குண்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறான். தான் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பு புனிதமானது. ஆனால் அந்தத் தவிப்பைக் காசாக்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவனுக்கு அரசுப் பள்ளியின் வெற்றியை யார் சொன்னார்கள்? பலகை வைத்தவன் தன் சரக்கைச் சொன்னான். நாம் நம் பெருமையைச் சொல்லவில்லையே!

குறையே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் தொடக்கப் பள்ளிகள் உண்டு. கழிவறையில் தண்ணீர் வராத பள்ளிகள் உண்டு. மேற்கூரை பெயர்ந்த கட்டடம் உண்டு. இவற்றைக் கேட்க வேண்டியவர் யார்? அங்கே பிள்ளையை அனுப்புகிறவர். அனுப்புகிறவர் எல்லாம் ஏழையிலும் ஏழையாகவே இருந்தால், குரல் எழும்புமா? ஊராட்சித் தலைவரின் பேரனும் கிளைச் செயலாளரின் மகளும் அங்கே படித்தால், தண்ணீர்க் குழாய் ஒரு வாரம் பழுதாகிக் கிடக்குமா? எண்ணிப் பாருங்கள் தோழர்களே!

தில்லியின் பூட்டு

உள்ளே இந்தச் சோர்வென்றால், வெளியே இருந்து வந்த அடி வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்பது ஒன்றிய அரசும் மாநில அரசும் பங்கிட்டுச் செலவிடும் திட்டம். 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. காரணம்? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடு. புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்பது நிபந்தனை. மும்மொழியைத் திணிக்கும் கொள்கையை ஏற்கமாட்டோம் என்றது தமிழ்நாடு.

கொள்கையில் மாறுபாடு இருக்கலாம், வாதிடலாம், மன்றத்தில் பேசலாம். பிள்ளையின் தட்டை இழுத்துவிட்டுப் பேச்சு நடத்துவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பணம் தில்லி அரண்மனையில் விளைந்ததா? தீப்பெட்டி வாங்கினாலும் சட்டை வாங்கினாலும் நாம் கட்டுகிற வரி அல்லவா? மாற்றுத்திறன் பிள்ளைகளின் பயிற்சியும், ஆசிரியர் ஊதியமும், ஏழைப் பிள்ளைகளின் கட்டணமும் அதில் அடங்கியிருந்தன. 1953இல் அரைநாள் கல்வியை எதிர்த்தோம். 2024இல் அரைக்காசு கல்வியையும் எதிர்க்க நேர்ந்தது.

கிளைக்கு ஒரு வேலை

கண்டனம் மட்டும் போதுமா? கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைந்தால் வகுப்பறை நிரம்புமா? நிரம்பாது. செயல் வேண்டும். சிறு சிறு செயல். ஆனால் விடாத செயல்.

முதலாவது: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தோழர்களின் வீட்டுப் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்களா? போய்ப் பேசுகிறார்களா, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்களா? கழிவறை, குடிநீர், ஆசிரியர் குறைவு எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதும் இடம் அது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது: ஆண்டு விழாவுக்குப் போங்கள். வேலைநேரம் என்றால் பணிமாற்றம் செய்துகொண்டாவது போங்கள். போகும்போது கட்சிக் கொடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நம் தலைவர்களின் படமும் அந்த மேடையில் வேண்டாம். வரவேற்புப் பலகையில் நம் பெயரும் வேண்டாம். அது பிள்ளையின் மேடை. அங்கே நமக்குரிய இடம் பார்வையாளர் வரிசை. நமக்குரிய பணி கைதட்டுவது. மேடையைப் பிடிக்கத் தெரிந்தவன் தொண்டன். மேடையை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவன் நல்ல தொண்டன்.

மூன்றாவது: தேர்வு முடிவு வந்ததும், ஊர்ப் படிப்பகத்தின் கரும்பலகையில் நம் பள்ளியின் வெற்றியை எழுதுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். முதல் மதிப்பெண்ணை மட்டும் போற்றாதீர்கள். இடையில் நின்று மீண்டும் வந்து படித்துத் தேறியவனையும் போற்றுங்கள். தவறிய பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போங்கள். துணைத்தேர்வு இருக்கிறது என்று தோளில் கைவைத்துச் சொல்லுங்கள். கொண்டாட்டத்தில் ஒரு பிள்ளை தனித்து அழுதால் அது கொண்டாட்டமே அல்ல.

நான்காவது: கல்விச் சீர். ஊருக்கு ஒரு நாள் குறியுங்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே தலைமையாசிரியரைக் கேளுங்கள்; ஏற்கெனவே பத்துக் கடிகாரம் இருக்கும் சுவரில் பதினோராவது கடிகாரம் மாட்டாதீர்கள். தச்சர் பெஞ்சின் காலைச் செப்பனிடலாம். மின்பணியாளர் விசிறியைச் சரிசெய்யலாம். கொத்தனார் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டலாம். வெள்ளையடிப்பவர் சுவருக்கு வெள்ளையடிக்கலாம். பணம் உள்ளவன் பணம் தரட்டும். நம்மிடம் கைத்திறன் இருக்கிறது. உழைப்பைவிட உயர்ந்த சீர் எது?

ஒன்று எச்சரிக்கிறோம். சீர் கொடுப்பதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. ஆசிரியரை நியமிப்பதும், கட்டடம் கட்டுவதும், கழிவறைக்குத் தண்ணீர் தருவதும் அரசின் வேலை. மாமன் சீர் கொண்டு வருகிறான் என்பதற்காகத் தகப்பன் சோறு போடாமல் இருக்கலாமா? இருக்கக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இருக்க விடக் கூடாது.

ஐந்தாவது, கடைசியானது, கடினமானது. நம் பிள்ளை எங்கே படிக்கிறது? மேடையில் அரசுப் பள்ளியைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குக் காசு எண்ணுகிற பேச்சாளர்கள் நம்மிடையே இல்லையா? இருக்கிறோம். கட்டாயம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஜூன் மாதம் சேர்க்கைக்குப் போகுமுன், ஒரே ஒருமுறை நம் ஊர் அரசுப் பள்ளிக்குள் நுழைந்து, வகுப்பறையைப் பார்த்து, ஆசிரியரோடு பேசி, அதன் பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்க உரிமை உண்டு. பார்க்காமலே ஒதுக்குவது தீண்டாமை. பள்ளிக்கும் அது பொருந்தும்.

தோழர்களே! ஓரணாச் சோற்றுக்கு முடிவெடுத்தவர்கள் இன்று இல்லை. குலக்கல்வியை எதிர்த்துச் சிறை புகுந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. கடம்பத்தூர் மாநாட்டில் பெஞ்சு தந்தவரின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் விட்டுச் சென்ற சொத்து ஒன்று மட்டும் ஒவ்வோர் ஊரிலும் நிற்கிறது. அதற்குப் பட்டா நம் பெயரில்தான். வட்டி கட்ட வேண்டியதில்லை. வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஆள் குடியிருந்தால்தான் வீடு நிற்கும். பிள்ளை படித்தால்தான் பள்ளி நிற்கும்.

தாம்பாளத்தை எடுங்கள். மேளத்தைக் கூப்பிடுங்கள். இந்த ஆண்டு ஊரின் முதல் சீர் பள்ளிக்குப் போகட்டும்!